மழை நின்ற பிறகு தொடங்கும் புராஜெக்ட்

பொறியியல் பாடத்திட்டங்கள் பெரும்பாலானவற்றில் இறுதியாண்டு புராஜெக்டுக்கு முழு நேரம் கிடைப்பது எட்டாம் செமஸ்டரில், அதாவது ஜனவரியில். நீலகிரியில் அப்போது மழை ஓய்ந்திருக்கும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூனில் பிடிக்கும் தென்மேற்கு மழை செப்டம்பரில் அடங்கிவிடும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. மண்சரிவைத் தலைப்பாக எடுக்கும் பேட்ச் ஜனவரியில் போர்டு வாங்கினால், தொட்டி மண்ணில் வாளித் தண்ணீர் ஊற்றித்தான் டெமோ காட்ட முடியும். புராஜெக்ட் போட்டிகளில் பரிசு கைநழுவுவது பெரும்பாலும் இதனால்தான். ஆறாம் செமஸ்டர் தேர்வு முடிந்த விடுமுறையிலேயே வேலையைத் தொடங்குங்கள். செப்டம்பர் கடைசிக்குள் கருவி சரிவில் நின்றாக வேண்டும்.

தலைப்பில் 'மண்சரிவு முன்னறிவிப்பு' என்று போடாதீர்கள். மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகம் ஆழத்துளை போட்டு, மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் மானிகளை இறக்கி, பல ஆண்டுகள் தரவு சேர்த்துச் செய்த வேலை அது. நான்கு மாணவர்களும் ஒரு பருவமழையும் சேர்ந்து செய்யக்கூடியது வேறு: ஒரு சரிவில் எவ்வளவு மழை விழுந்தது, அந்தச் சரிவு எவ்வளவு சாய்ந்தது என்று நம்பத்தக்க எண்ணாகப் பதிவது. இதை ஒழுங்காகச் செய்தாலே போதும், நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மழைமானியிலிருந்து தொடங்கலாம். சாய்வாளி வகைதான் சரி: உள்ளிருக்கும் சின்ன வாளி நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், எத்தனை முறை சாய்ந்தது என்பதே மழையின் அளவு. 200 மி.மீ. விட்டமுள்ள புனலின் பரப்பு 314 ச.செ.மீ. அதில் 0.2 மி.மீ. மழை விழுந்தால் 6.28 மி.லி. தண்ணீர் சேரும், வாளி ஒருமுறை சாயும். அளவுதிருத்தம் செய்ய, 628 மி.லி. தண்ணீரை அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் ஊற்றி, அரை மணி நேரம் சொட்டவிடுங்கள். 100 சாய்வு வர வேண்டும். 94தான் வந்தது என்றால், ஒரு சாய்வு 0.2 அல்ல, 0.213 மி.மீ. அடுத்து அதே தண்ணீரைப் பத்தே நிமிடத்தில் இறக்குங்கள். மணிக்கு 120 மி.மீ. கொட்டும் மழைக்குச் சமம். எண்ணிக்கை இன்னும் குறையும், ஏனென்றால் வாளி சாய்ந்துகொண்டிருக்கும் அந்த நொடிப்பொழுதிலும் நிறைந்த பக்கத்திலேயே தண்ணீர் விழுகிறது. மழை வலுக்க வலுக்க மானி குறைத்தே காட்டும். இந்த இரண்டு அளவையும் ஒரே வரைபடமாகப் போட்டு அறிக்கையில் வையுங்கள். பல அறிக்கைகளில் இந்த ஒரு பக்கம்தான் இல்லாமல் இருக்கிறது.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 820 மி.மீ. பெய்தது. உங்கள் மானி அங்கே நின்றிருந்தால் 4,100 முறை சாய்ந்திருக்கும், சராசரியாக 21 நொடிக்கு ஒன்று. ஒவ்வொரு சாய்வுக்கும் கருவியை நடத்தும் இஎஸ்பி32 சிப்பை முழுதாக எழுப்பி ரேடியோவில் அனுப்பவைத்தால், தரவு மிகவும் தேவைப்படுகிற அந்த நாளில்தான் பேட்டரி தீரும். எண்ணிக்கையை மட்டும், சிப் உறங்கும்போதும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் ஏற்றி வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புங்கள். வாளியின் காந்தம் கடக்கும்போது மூடித் திறக்கும் ரீட் சுவிட்ச், ஒரே சாய்வுக்கு இரண்டு மூன்று முறை துடிக்கும்; ஒரு துடிப்புக்குப் பின் 100 மில்லிநொடிக்குள் வருவதைத் தள்ளிவிடுங்கள். கொட்டும் மழையிலும் இரண்டு சாய்வுக்கு இடையே பல நொடி இருப்பதால் உண்மையான எண்ணிக்கை குறையாது. புனல் வாயில் வலை கட்டாயம். தேயிலைத் தோட்டத்தின் சில்வர் ஓக் இலை ஒன்று அடைத்தால் போதும், அன்று மழையே இல்லை என்று கருவி சொல்லிவிடும்.

சரிவின் சாய்வை அளக்க எல்லோரும் எம்பியு6050 என்ற முடுக்கமானிச் சிப்பை வாங்குகிறார்கள். விலை மலிவு, கிடைப்பதும் எளிது. ஆனால் வெப்பநிலை மாறினால் அதன் சுழிப்புள்ளி, அதாவது பூஜ்யம் காட்ட வேண்டிய இடம், நகரும். 0 முதல் 70 டிகிரி வரைக்கும் ±35 மில்லி-ஜி (ஒரு மில்லி-ஜி என்பது புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. 35 மில்லி-ஜி என்பது கிட்டத்தட்ட 2 டிகிரி சாய்வு. ஜனவரி இரவில் தலைக்குந்தாவில் உறைபனி கொட்டுகிறது, அதே நாள் மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மலை அசையாமலே கருவி தினமும் 'சாய்கிறது'. உள்ளிருக்கும் வெப்பமானியின் அளவையும் சேர்த்தே பதியுங்கள். கருவியை ஒரு வாரம் சிமென்ட் தரையில் வைத்து, வெப்பநிலைக்கும் சாய்வுக்கும் உள்ள தொடர்பைக் கண்டு கழித்துவிடுங்கள். களத்தில் ஒரு மீட்டராவது மண்ணுக்குள் இறங்கிய ஜி.ஐ. குழாயில்தான் பொருத்த வேண்டும். மூங்கில் கம்பு நனைந்து வளையும். காட்டெருமை நடமாடும் இடமென்றால் குழாயைச் சுற்றிக் கல் அடுக்குங்கள். அது முதுகு தேய்த்துவிட்டுப் போனால் வரைபடத்தில் சரிவு மாதிரியேதான் தெரியும்.

பேட்டரிக் கணக்கை ரிவ்யூவில் வாயால் சொல்லக்கூடாது, எழுதிக் காட்ட வேண்டும். யுஎஸ்பி சிப்பும் எல்இடியும் உள்ள டெவ்கிட் போர்டு உறக்கத்திலும் 10 மில்லிஆம்ப் வரை குடிக்கும். 2,600 எம்ஏஎச் (மில்லிஆம்ப்-மணி) செல் 11 நாளில் காலி. தேவையற்றதை நீக்கி 0.05 மில்லிஆம்புக்கு இறக்கி, 15 நிமிடத்துக்கு 2 நொடி 120 மில்லிஆம்ப் செலவழித்தால் சராசரி 0.32 மில்லிஆம்ப். காகிதத்தில் 330 நாளுக்கு மேல் வரும். குளிருக்கும் செல்லின் வயதுக்கும் பாதியைக் கழியுங்கள், அப்போதும் பருவமழை முழுதும் தாங்கும். சோலார் பேனல் வேண்டாம் என்பதே என் முடிவு. மூடுபனியில் வாரக்கணக்கில் அது சும்மா கிடக்கும். அதோடு, உறைநிலைக்குக் கீழே லித்தியம்-அயான் செல்லை சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து செல் கெட்டுவிடும்.

ரேடியோவுக்கு லோரா, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் முறை. 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலை வாங்கிவிடாதீர்கள், இந்தியாவில் இதற்கு உரிமமின்றி விடப்பட்டது 865–868. ஆன்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. தரவை வாங்கிக்கொள்ளும் கேட்வேயை அதே மலையின் உச்சியில் வைத்தால் வளைவுகள் மறைக்கும். எதிர்ச்சரிவில் ஒரு வீட்டுக் கூரை கிடைத்தால் இந்தச் சரிவு முழுக்கத் தெரியும். கேபிள் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டி ஈரக்காற்றை உள்ளிழுக்கும், ஆகவே சிலிக்கா ஜெல்லும், போர்டின் மேல் ஈரம் படாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் பூச்சும் தேவை. தோட்டக்காரரிடமும், காட்டு நிலம் என்றால் வனத்துறையிடமும், எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே குழாய் இறங்க வேண்டும்.

இனி வேலை பற்றி. நான்கு பேருக்கும் ஒரே வேலையைப் பிரித்துக் கொடுக்காமல், அவரவர் போக விரும்பும் திசையைப் பார்த்துக் கொடுங்கள். எம்பெடெட் நிறுவனத்துக்குப் போகிறவர் மின்சாரக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளட்டும், நேர்முகத்தில் அதைத்தான் துருவுவார்கள். தரவு வேலை விரும்புகிறவர் ரேடியோவில் வராமல்போன தரவுப் பாக்கெட்டுகளை எண்ணட்டும். நூற்றுக்கு எத்தனை வந்தது, எந்த நாளில் விட்டுப்போனது, அன்று என்ன வானிலை என்று. சிவில் மாணவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். கல்லாறு–குன்னூர் பல்சக்கரப் பாதையில் மழைக்காலத்தில் மண் விழுந்து ரயில் நிற்பது வழக்கம். சரிவின் வடிகாலையும் தடுப்புச்சுவரின் நீர்த்துளைகளையும் அளந்து வரைந்த மாணவர், நெடுஞ்சாலைத் துறைத் தேர்வானாலும் மண்பொறியியல் மேற்படிப்பானாலும், கண்ணால் பார்த்ததை வைத்துப் பதில் எழுதுவார். ஆராய்ச்சி ஆசை உள்ளவருக்கு உதகையிலேயே மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உதகை அருகே முத்தொரையின் ரேடியோ தொலைநோக்கியையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையான 11 டிகிரியோடு ஒத்துப்போனதால், சரிவின் மேலேயே கட்டி, பூமியின் அச்சுக்கு இணையாக அமைத்தார்கள். 1970 முதல் இயங்குகிறது. மலையைத் தடையாக நினைக்காமல் கருவியின் பாகமாகவே எடுத்துக்கொண்ட பொறியியல் அது.

பயோடேட்டாவில் 'இஎஸ்பி32, லோரா தெரியும்' என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். எத்தனை நாள் களத்தில் நின்றது, எத்தனை முறை பழுதானது, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்று மூன்று வரி எழுதுங்கள். பழுதை மறைக்க வேண்டியதில்லை.

ஏப்ரலில் வைவா முடிந்ததும் கருவியைப் பிடுங்கி ஆய்வகப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். அதைச் சரிவிலேயே விட்டுவிட்டு, அளவுதிருத்தத் தாள், நிரலின் பிரதி, இரண்டு புதிய செல்கள், பெட்டியின் சாவி நான்கையும் மூன்றாமாண்டு பேட்ச் ஒன்றிடம் கொடுங்கள். ஜூன் மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்.