நற்கருணையும் பக்கத்துல நிக்கிறவரும்

பூசையில கிறிஸ்துவோட உடலா குடுக்குற அப்பத்தை, அதாவது நற்கருணையை, வாங்க வரிசையில நிக்கும்போது நம்ம மனசுல பெரும்பாலும் ஓடுறது நானும் ஆண்டவரும் மட்டும்தான், தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது பாதிதான்னு எனக்கு ரொம்ப நாளா தோணுது. கடைசி இராவுணவுல இயேசு அப்பத்தைப் பிட்டுக் குடுத்ததைப் பத்தி நமக்குக் கிடைச்சிருக்கிற ரொம்பப் பழைய எழுத்து, திருத்தூதர் பவுல் கிரேக்க நாட்டு கொரிந்து ஊர்ல இருந்த கிறிஸ்தவ சபைக்கு எழுதின முதல் கடிதம், 11ஆம் அதிகாரம், கி.பி. 55 வாக்குல எழுதினது, நற்செய்தி நூல்களுக்கும் முந்தினது. அதையும் அவர் சும்மா விளக்கம் சொல்ல எழுதல, கண்டிக்கத்தான் எழுதினார்.

அங்க என்ன பிரச்சினைன்னா, அப்போல்லாம் எல்லாரும் கூடி சாப்பிடுற முழுச் சாப்பாடோட சேர்ந்துதான் திருவிருந்து நடக்கும், இருக்கிறவங்க தங்களோடதை முந்திக்கிட்டு சாப்பிட்டு முடிச்சிடுவாங்க, இல்லாதவங்க வெறும் வயித்தோட பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தர் பசியா இருக்கார், இன்னொருத்தர் குடிச்சு வெறியில இருக்கார், நீங்க சாப்பிடுறது ஆண்டவரோட விருந்தே இல்லன்னு பவுல் முகத்துக்கு நேரா சொல்லிட்டார். தகுதியில்லாம இந்த அப்பத்தை சாப்பிடாதீங்கன்னு அவர் எச்சரிக்கிறது இந்த இடத்துலதான். நாம அதை ஃபாதர்கிட்ட பாவத்தை அறிக்கையிடுற பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சா, ஒரு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாம இருந்தோமா அப்படிங்கிறதோட நிறுத்திக்கிட்டோம். அதெல்லாம் வேணும்தான், நானும் விடுறதில்ல. ஆனா அந்தப் பகுதியை பவுல் முடிக்கிறப்ப, சாப்பிடக் கூடும்போது ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்கன்னு சொல்றார்!

இயேசு சொன்ன "இது என் உடல்"ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு 1529ல ஜெர்மனியில மார்பர்க் ஊர்ல சீர்திருத்த சபைத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்ளியும் உக்காந்து பேசி, கடைசி வரைக்கும் ஒத்துப்போகாமலே பிரிஞ்சாங்க. நான் கத்தோலிக்கன், அது உண்மையிலேயே அவரோட உடல்தான்னு முழுசா நம்புறேன். நம்புறதாலதான் புனித அகுஸ்தினார் சொன்னது என்னைப் பிடிச்சு உலுக்குது: கிறிஸ்துவின் உடல்னு சொல்லிக் குடுக்குறாங்க, நீ ஆமென்ங்கிற, அந்த ஆமென் உண்மையா இருக்கணும்னா நீயே அந்த உடலோட உறுப்பா இரு. அப்படின்னா எனக்கு முன்னாடி நிக்கிற, நான் ரெண்டு வருஷமா பேசாத ஆளும் அதே உடல்தானே, அவரை ஒதுக்கிட்டு நான் எதுக்கு ஆமென் சொல்றேன்?

அடுத்த தடவை பூசையில "உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே" பாடுறப்ப பீடத்தையே பாருங்க. ஃபாதர் அந்தப் பெரிய அப்பத்தைப் பிடுவார், மைக் பக்கத்துல இருந்தா உடையற சத்தம்கூட கேக்கும், அதுல ஒரு சின்னத் துண்டை கிண்ணத்துல இருக்கிற திராட்சை இரசத்துல போடுவார். சமாதானம் சொல்லிக்கிட்டே திரும்பிப் பேசிக்கிட்டு இருக்கிற நேரத்துல இதை நெறைய பேர் கவனிக்கிறதே இல்ல, எனக்கென்னமோ பூசையிலேயே ரொம்ப அழுத்தமான நிமிஷம் இதுதான். உடைக்காம பங்கு வைக்க முடியாதே.

கி.பி. 155 வாக்குல, ஆதி கிறிஸ்தவ எழுத்தாளரான புனித ஜஸ்டின் ஞாயிறு வழிபாட்டைப் பத்தி எழுதினதுலயும் இதேதான் இருக்கு. வர முடியாதவங்களுக்கு திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டு போவாங்களாம், சேர்ற காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில கிடக்கிறவங்க, வெளியூர்லேர்ந்து வந்தவங்கன்னு போகுமாம். நோயாளிகளுக்கு வீட்டுக்கே கொண்டு போற வழக்கம் இன்னைக்கும் இருக்கு, உங்க தெருவுல யாராவது படுத்த படுக்கையா இருந்தா பங்குக் கோவில்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, ஃபாதரோ நற்கருணைப் பணியாளரோ வந்து குடுப்பாங்க.