பழைய கிளவுஸும் பாதி பழகிய கிளவுஸும்

போன மாதம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் செகண்ட் பேஸ் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சாதாரண உருட்டுப் பந்து, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், நேராக கிளவுஸுக்குள் வந்தது, வந்த வேகத்திலேயே அந்தப் பக்கமாக வெளியேறிப் புல்லுக்குப் போய்விட்டது. எனக்கு முதலில் புரியவே இல்லை. திருப்பிப் பார்த்தால், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் வலையைப் பிடித்து வைத்திருந்த தோல்வார் அறுந்து, வலை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருஷக் கிளவுஸ். அறுந்தது வார்தான், ஆனால் ஸ்கோர் புத்தகத்தில் எர்ரர், அதாவது ஃபீல்டிங் பிழை, என் பெயரில் விழுந்தது.

செகண்ட் பேஸுக்கும் தேர்டு பேஸுக்கும் நடுவே நிற்கிற எங்கள் ஷார்ட்ஸ்டாப் பையன் ஓடி வந்து தன் பையில் இருந்த இன்னொரு கிளவுஸை நீட்டினான். "அண்ணே, இதைப் போட்டுக்கங்க." கொஞ்சம் தயங்கினேன். பேஸ்பால் ஆடுகிறவர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு, அடுத்தவன் கிளவுஸுக்குள் கை விடக் கூடாது. எடுத்துப் பார்க்கலாம், மடக்கிப் பார்க்கலாம், "நல்லா பழகியிருக்கே" என்று சொல்லலாம், கையை மட்டும் உள்ளே நுழைக்கக் கூடாது. மூடநம்பிக்கை மாதிரித்தான் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. உள்பக்கத் தோல் ஒருவருடைய விரல் பருமனுக்கும் வியர்வைக்கும் அவர் கையை மூடுகிற விதத்துக்கும் ஏற்ப அமுங்கி அமுங்கி ஒரு வடிவத்துக்கு வந்திருக்கும், அதற்குள் பெரிய கை ஒன்று புகுந்து இரண்டு ஆட்டம் ஆடினால் அந்த வடிவம் போச்சு.

அவனே கொடுத்ததால் போட்டுக்கொண்டேன். மீதி நான்கு இன்னிங்ஸும் அடுத்த வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பது மாதிரியே இருந்தது. அவன் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துச் சுண்டு விரல் அறைக்குள் விடுகிறவன், இப்போது நிறையப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள், பாக்கெட், அதாவது பந்து வந்து உட்காரும் குழி, ஆழமாகும், உள்ளங்கையில் பந்து சுள்ளென்று அறையாது. நான் பழைய ஆள், விரலுக்கு ஓர் அறை. அவன் கிளவுஸை நான் மூடினால் அது நான் நினைத்த இடத்தில் மடங்கவே இல்லை.

ஆட்டம் முடிந்து பையைக் கட்டும்போது அவன் கேட்டான். "எட்டு வருஷம் ஆச்சுல்ல அண்ணே, மாத்திடலாமே?"

அங்கே நின்று பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கை நம்பும்வரை பழையதை விட வேண்டியதில்லை. ஆனால் கை நம்பாமல் போகும் நாளில், கை நம்புகிற இன்னொன்று தயாராக இருந்தாக வேண்டும். அது ஒரே நாளில் தயாராகாது. சிக்கல் முழுக்க அங்கேதான்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இது விளங்க, கிரிக்கெட்டில் புது பேட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழக்குவோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கிளவுஸ் அதைவிட மோசம். நல்ல மாட்டுத்தோல் கிளவுஸ் வாங்கின அன்றைக்கு அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மூடும். கனமான தோல் என்றால் பழகவும் நாளாகும், உழைக்கவும் செய்யும். கிப் என்று சொல்லும் இளம் மாட்டின் தோல் லேசாக இருக்கும், சீக்கிரம் வழிக்கு வரும், அதே வேகத்தில் தொளதொளவென்று ஆகவும் செய்யும். எது நல்லது என்று கேட்டால் எந்த இடத்தில் ஆடுகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

இன்ஃபீல்டில், அதாவது பேஸ்களை ஒட்டிய உள்பகுதியில், அதிலும் செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் ஆட்களுக்குப் பந்தைப் பிடிப்பது பாதி வேலைதான், உடனே எடுத்து எறிய வேண்டும். பாக்கெட் ஆழமாக இருந்தால் பந்து உள்ளே போய்த் தொலைந்துவிடும், விரலால் துழாவுவதற்குள் ஓடுகிறவன் பேஸைத் தொட்டிருப்பான். அதனால் பதினொன்றேகால் முதல் பதினொன்றேமுக்கால் அங்குலம், ஆழம் குறைந்த பாக்கெட். ஜோ மார்கன் 1970களில் சின்சினாட்டி அணிக்கு செகண்ட் பேஸ் ஆடியபோது அவர் கிளவுஸ் எவ்வளவு சின்னது என்பது ஊரறிந்த பேச்சு. அந்தச் சின்னக் கிளவுஸோடு 1973 முதல் 1977 வரை ஐந்து கோல்டு கிளவ், அதாவது சிறந்த ஃபீல்டருக்கான விருது, வாங்கினார். தூரத்தில் எல்லைப் பக்கம் நிற்கும் அவுட்ஃபீல்டருக்கு இதெல்லாம் தலைகீழ். ஓடிப்போய்க் கையை நீட்டி விரல் நுனியில் பிடிக்க வேண்டியவர், அவருக்குப் பன்னிரண்டரை, பன்னிரண்டே முக்கால் அங்குலம், ஆழமான பாக்கெட், வெயிலில் நிமிர்ந்து பார்க்கும்போது இடைவெளி வழியே பந்து தெரிகிற மாதிரியான வலை. பந்து போடுகிற பிட்சர்களுக்கு வலையில் ஓட்டையே இருக்கக் கூடாது, உள்ளே பந்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பேட்டர் பார்த்துவிட்டால் என்ன பந்து வருகிறது என்று தெரிந்துவிடுமே. அதோடு பிட்சரின் கிளவுஸ் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது, பேட்டருக்குப் பந்தும் கிளவுஸும் ஒன்றாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக.

பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்குகிற கேட்சர் கதை தனி. அமெரிக்காவின் உச்சத் தொடரான மேஜர் லீகில் ஒரு ஆட்டத்துக்கு ஓர் அணியின் பிட்சர்கள் சுமார் 150 பந்து போடுகிறார்கள், அடித்தது போக மீதி அவ்வளவும் வந்து இறங்குவது கேட்சரின் மிட் என்கிற அந்த ஒரு தடித்த கிளவுஸில்தான், அதுவும் மணிக்கு 145, 150 கிலோமீட்டர் வேகத்தில். இது போக ஆட்டத்துக்கு முன்னால் பிட்சர்கள் தயாராகும்போது வாங்குவது வேறு. மற்றவர்கள் கிளவுஸை வருஷக்கணக்கில் ஓட்டலாம், கேட்சருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, திணிப்பு நசுங்கிப்போனால் நேராக எலும்புக்கு அடி விழும். அதனால் நல்ல கேட்சரிடம் எப்போதும் ஒன்று ஆட்டத்தில் இருக்கும், அடுத்தது பயிற்சியில் பழகிக்கொண்டிருக்கும். நான் மேலே சொன்ன விஷயத்தை அவர்கள் கேள்வி கேட்காமல் செய்கிறார்கள், நாம்தான் எட்டு வருஷம் ஒன்றையே கட்டிக்கொண்டு அழுகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஒரு காலத்தில் கிளவுஸ் போடுவதே மானக்கேடு. 1875இல் சார்லி வெய்ட் என்ற ஆட்டக்காரர் போட்டுக்கொண்டு வந்த கிளவுஸ் தோல் நிறத்தில் இருந்ததாம், யார் கண்ணிலும் படக் கூடாது என்று. அதைப் பார்த்த நட்சத்திர ஆட்டக்காரர் ஆல்பர்ட் ஸ்பால்டிங், தன் கை வலி தாங்காமல் 1877இல் தானும் போட்டார், கறுப்பு நிறத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அவர் ஏற்கெனவே விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் இறங்கியிருந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்கவும். அந்தக் காலத்துக் கிளவுஸ் அடியைத் தாங்கும், அவ்வளவுதான். பந்தைப் பிடிக்கிற கருவியாக அது மாறியது 1920ஐ ஒட்டி, பில் டோக் என்ற செயின்ட் லூயிஸ் பிட்சர் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தோல்வார்களைப் பின்னி ஒரு வலை போடலாம் என்று ராலிங்ஸ் கம்பெனியிடம் யோசனை சொன்ன பிறகு. என் மானத்தை வாங்கிய அந்த இடத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் அவர்தான்.

இன்னொன்று, 1954க்கு முன்னால் ஃபீல்டர்கள் பேட்டிங் செய்யப் போகும்போது கிளவுஸை மைதானத்துப் புல்லிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு நினைத்தாலே பதறுகிறது.

சரி, பழக்குகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு வைத்தியம். ஷேவிங் க்ரீம் தடவுவது, பந்தை உள்ளே வைத்துக் கட்டி மெத்தைக்கு அடியில் வைத்துப் படுப்பது, வெந்நீர் ஊற்றிக் கட்டையால் அடிப்பது, மைக்ரோவேவில் வைப்பது வரைக்கும் போயிருக்கிறார்கள். மைக்ரோவேவ் பக்கம் போகவே போகாதீர்கள், சூட்டில் தோலின் பசை வற்றி வெடிக்கும், உலோகக் கண்ணி இருந்தால் தீப்பொறி வேறு. நான் செய்த தவறு எண்ணெய். என் முதல் கிளவுஸுக்குத் தினமும் ராத்திரி எண்ணெய் தடவினேன், தலைக்குத் தடவுகிற மாதிரி, இரண்டு வாரம். மெத்தென்று ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். திணிப்பு எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போய், விரல்கள் நிற்காமல் தலை சாய்ந்து, ஈரத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. ஒரு சீசன்கூட ஓடவில்லை. இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை, துணியில் தொட்டு, மேலோட்டமாக, அவ்வளவுதான்.

பழக ஒரே வழி பந்து பிடிப்பதுதான். நூறு, இருநூறு என்று. எங்கே மடங்க வேண்டும் என்று உங்கள் கை அதற்குச் சொல்லிக்கொடுக்கும்.

ஜப்பானிலிருந்து மேஜர் லீகுக்கு வந்த அவுட்ஃபீல்டர் இச்சிரோ சுசுக்கியை இந்த விஷயத்தில் யாரும் மிஞ்ச முடியாது. ஆடிய காலத்தில், ஆட்டம் முடிந்ததும் லாக்கர் முன்னால் உட்கார்ந்து தன் கிளவுஸைத் தானே துடைத்து மெருகேற்றுவார். வேறு ஆளைவிட்டுச் செய்யச் சொல்ல முடியாத மனிதரா அவர்? 2001 முதல் 2010 வரை வரிசையாகப் பத்து கோல்டு கிளவ். அவருடைய கிளவுஸை மிசுனோ கம்பெனியில் நோபுயோஷி ட்சுபோட்டா என்ற கைவினைஞர் பல வருஷம் செய்து கொடுத்தார். எனக்கு அதில்தான் பொறாமை, தன் கையைத் தெரிந்து வைத்திருக்கிற ஒரு மனிதர் எங்கோ உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார் என்பதில். பேட் வெண்டிட் என்று ஒருவர், 2015இல் ஓக்லாந்து அணிக்கு வந்தார், இரண்டு கையாலும் பந்து போடுவார், அவர் கிளவுஸுக்கு ஆறு விரல், இரண்டு பக்கமும் கட்டைவிரல். அது தொலைந்தால் என்ன செய்வது? பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கம்பெனிகள் கிளவுஸை அனுப்பிக்கொண்டே இருக்கும், அப்படியிருந்தும் ஆட்டத்துக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டு வாரை மாற்றி மாற்றி வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நானும் அன்றைக்கு ராத்திரி அதைத்தான் செய்தேன். ஆறடி நீளத் தோல்வார் ஒன்று, சாக்கு ஊசி மாதிரி நீளமான ஊசி, ஒரு குறடு. தரையில் உட்கார்ந்து பழைய வாரை ஒவ்வொரு துளையாக உருவினேன். உருவுவதற்கு முன்னால் எது எந்தத் துளைக்குள் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் முன்பக்கம் மட்டும் எடுத்துவிட்டுப் பின்பக்கத்தை மறந்துபோய் ஒரு மணி நேரம் முழித்தேன். வியர்வையில் ஊறி ஊறி, துளைக்குள் மறைந்திருந்த பகுதியெல்லாம் கறுத்து, மடித்தால் சுள்ளி மாதிரி ஒடிந்தது. வெளியே தெரிந்த பகுதி மட்டும் நன்றாகத்தான் இருந்தது. புது வார் இழுபடும், அதனால் ஒவ்வொரு துளையிலும் குறடால் பிடித்து இழுத்து இறுக்க வேண்டும். நான் இறுக்கினது அதிகமாகிவிட்டது, பந்தைக் குத்தினால் வலையில் அப்படியே மாட்டிக்கொண்டது.

அப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கும் வழிகாட்டி இருக்கிறார். 1986இல் சான் பிரான்சிஸ்கோ அணியின் பிட்சர் டெர்ரி மல்ஹாலண்டுக்கு, கீத் ஹெர்னாண்டஸ் அடித்த பந்து கிளவுஸில் சிக்கி வெளியே வரவே இல்லை. மனிதர் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் ஓடிக்கொண்டே கிளவுஸைக் கழற்றிப் பந்தோடு சேர்த்து வீசிவிட்டார். ஃபர்ஸ்ட் பேஸில் நின்றவர் கிளவுஸோடு பிடித்துவிட்டார், அவுட். 1999இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸும் இதையே செய்தார். எனக்கு அவ்வளவு சமயோசிதம் போதாது, அதனால் அவிழ்த்து மறுபடி தளர்த்திக் கட்டினேன்.

வார் மாற்றியாகிவிட்டது, ஆனால் உள்ளங்கைத் தோல் காகிதம் மாதிரி ஆகியிருப்பதைக் கட்டும்போதுதான் பார்த்தேன். வாரை மாற்றலாம், ஓரப்பட்டையை மாற்றலாம், உள்ளங்கை போனால் போனதுதான். பையன் கேட்டது சரி. அதனால் புதிது ஒன்று வந்திருக்கிறது, அதே அளவு, அதே வலை, நிறம்கூட அதே பழுப்பு. நான்கு வாரமாக ஆட்டத்துக்கு முன்னால் கேட்ச் பிடிப்பதற்கு மட்டும் அதை எடுக்கிறேன். முதல் வாரம் பந்து பட்டுத் தெறித்தது, இரண்டாவது வாரம் கட்டைவிரலின் அடிப்பக்கம் ரத்தம் கட்டியது, இப்போது பந்து இறங்கும்போது லேசாக ஒரு 'டப்' சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கிறது.

போன வாரம் ஒன்பது ரன் முன்னிலையில் இருந்தபோது தைரியமாக அதையே போட்டுக்கொண்டு இறங்கினேன். ஒரு பந்து வந்தது, நின்றது, எறிந்தேன், அவுட். இன்னிங்ஸ் முடிந்து வரும்போது ஷார்ட்ஸ்டாப் பையன் ஆசையாகக் கையை நீட்டினான், "அண்ணே, ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா?"

கொடுக்கவில்லை.