வீட்லயே நாய்க்கு சுகர் பாக்கறது: எங்க ஜூலி அனுபவம்

நாய்க்கு கூட சுகர் வருமான்னு கேட்டு சிரிக்கறவங்க இன்னும் இருக்காங்க, அதனால முதல்லயே சொல்லிடறேன், வரும், நல்லாவே வரும். அதுவும் மாத்திரையில அடங்கற டைப் இல்ல, நாய்க்கு வந்தா பெரும்பாலும் இன்சுலின் ஊசிதான், காலைல ஒன்னு சாயங்காலம் ஒன்னு, ஆயுசுக்கும். எங்க ஜூலி லேப்ரடார், வயசு ஒன்பது, குரோம்பேட்டைல வீடு. வீட்ல ஏற்கனவே அப்பா இருபது வருஷ சுகர் பேஷன்ட், அதனால இந்த கதைல மெஷின், ஊசி, ஸ்ட்ரிப் எதுவுமே எங்களுக்கு புதுசு இல்ல, பேஷன்ட் மட்டும்தான் புதுசு.

கண்டுபிடிச்சது அம்மாதான். மொட்டைமாடில ஜூலி ஒன்னுக்கு போன இடத்துல எறும்பு மொய்ச்சிருக்கு, அம்மா பாத்துட்டு வந்து "உங்கப்பாவுக்கு துணைக்கு ஆள் வந்தாச்சு போல"ன்னாங்க. அப்பதான் யோசிச்சோம், தண்ணி கிண்ணத்த ஒரு நாளைக்கு எத்தனை தடவ ரொப்பறோம், சாப்பாடு முன்னைவிட அதிகமா தின்னுட்டு ஆள் மட்டும் இளைச்சுக்கிட்டே போறா, 33 கிலோ இருந்தவ 27க்கு வந்துட்டா. ரத்தத்துல சுகர் 180, 200ஐ தாண்டிட்டா நாயோட கிட்னியால அத பிடிச்சு வெச்சுக்க முடியாது, யூரின்ல போயிடும், போகும்போது தண்ணியையும் சேர்த்து இழுத்துட்டு போகும், அதான் அந்த தாகம். வெட்னரி டாக்டரம்மா டெஸ்ட் பண்ணி என்பிஎச்னு ஒரு வகை இன்சுலின் 8 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருக்கா, சாப்பாட்டோட போடணும்னு எழுதிக் குடுத்தாங்க.

அப்பாவுக்கு ஒரே சந்தேகம், மனுஷன் போட்டுக்கற மருந்த நாய்க்கு போடலாமான்னு. அப்பா, 1921ல டொரன்டோல பேண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்ங்களுக்கு போட்டு பாத்து பொழைக்குதுன்னு தெரிஞ்ச அப்புறம்தான் மனுஷனுக்கே வந்துச்சு, அந்த நாய்ங்க போட்ட பிச்சைதான் உங்க ஊசின்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஜூலிய பாக்கற பார்வைல கொஞ்சம் மரியாதை கூடிச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஆரம்பத்துல டோஸ் சரியா இருக்கான்னு பாக்க ஆஸ்பத்திரிலயே ஒரு நாள் முழுக்க விட்டுட்டு வர சொன்னாங்க. கூண்டு, பக்கத்துல குரைக்கற நாய்ங்க, புது ஆளுங்க, எங்க அம்மணி அங்க ஒரு வாய் சாப்பிடல, உடம்பெல்லாம் நடுக்கம். டென்ஷன்ல சுகர் ஏறும், சாப்பிடலன்னா இறங்கும், இந்த ரெண்டும் கலந்து வர்ற நம்பர வெச்சு என்ன முடிவு பண்றது? டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, "உங்க வீட்லதான் மெஷின் இருக்கேம்மா, அவ அவளோட இடத்துல படுத்துக்கிட்டு, எப்பவும் சாப்பிடறத சாப்பிட்டு, அங்க எடுக்கற ரீடிங்தான் எனக்கு வேணும்"னு.

அப்பாவோட மீட்டர நாய்க்கு யூஸ் பண்ணலாமான்னா, பண்ணலாம், ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு பண்ணணும். மனுஷ ரத்தத்துல சுகர்ல 58 பர்சன்ட் போல பிளாஸ்மால, அதாவது ரத்தத்தோட நீர் பாகத்துல இருக்கும், மீதி சிவப்பு அணுக்குள்ள. நாய்க்கு 87 பர்சன்ட் பிளாஸ்மாலயே இருக்கு. மனுஷ மீட்டர் மனுஷ கணக்குல தயார் பண்ணது, அதனால நாய்க்கு பெரும்பாலும் கம்மியா காட்டும். ஜூலிக்கு ஒரே நேரத்துல எடுத்த ரத்தம், லேப்ல 318, அப்பா மீட்டர்ல 262. நாய்க்குன்னே செட் பண்ண மீட்டர் வருது, ஆனா ஸ்ட்ரிப் விலையும் அது கிடைக்கற லட்சணமும் பாத்துட்டு நாங்க விட்டுட்டோம். டாக்டரம்மா சொன்ன வழி, எப்பவும் அதே மீட்டர்லயே பாருங்க, ஏறுதா இறங்குதான்னு மட்டும் எனக்கு அனுப்புங்க, லேப் ரீடிங்கோட அப்பப்ப ஒத்துப் பாத்துக்கலாம்.

ரத்தம் எடுக்கறதுதான் எல்லாரும் பயப்படற இடம். மனுஷன் மாதிரி விரல் நுனி கிடையாது, பாதத்துல குத்தினா ஜென்மத்துக்கும் கால குடுக்காது. நாங்க பழகினது காதோட உள்பக்கம், முடி இல்லாத இடம். லேப்ரடார் காது பெருசு, மடக்கி பிடிச்சா ஓரமா மெல்லிசா ஒரு நரம்பு ஓடும், மொபைல் டார்ச்ச காதுக்கு பின்னாடி பிடிச்சா பச்சையா தெரியும். அந்த நரம்பயே குத்த வேணாம், அதுக்கு பக்கத்துல குத்தினா போதும். அதுக்கு முன்னாடி வெந்நீர்ல நனைச்ச துணிய பிழிஞ்சு காதுல ஒரு நிமிஷம் வெச்சா சூடேறி ரத்தம் சுலபமா வரும், ஈரத்த சுத்தமா தொடச்சிடணும். அப்புறம் இம்மியளவு வாசலின் தடவுங்க, இது சின்ன விஷயம்தான் ஆனா இதுலதான் பாதி வேலை முடியுது, தடவலன்னா ரத்தம் முடிக்குள்ள பரவி ஓடிடும், தடவினா கடுகு சைஸ்ல அப்படியே குமிழா நிக்கும், ஸ்ட்ரிப் நுனிய தொட்டா தானா இழுத்துக்கும். காதுக்கு அடில ஒரு பஞ்ச மடிச்சு வெச்சுக்கங்க, இல்லன்னா குத்தற லான்செட் ஊசி அந்தப் பக்கம் வந்து உங்க விரல்ல ஏறும். முடிஞ்சதும் அதே பஞ்சால கொஞ்ச நேரம் அழுத்தி பிடிக்கணும், அத விட்டு ஜூலி தலைய உதறினான்னா செவுரெல்லாம் புள்ளி புள்ளியா ரத்தம், பாக்கறவங்க போலீஸ கூப்பிடுவாங்க.

காது செட் ஆகாத நாய்ங்களுக்கு, ஸ்பிட்ஸ் மாதிரி சின்ன காதா இருந்தா, மேல் உதட்ட தூக்கி உள்பக்கம் குத்தலாம், ஆனா எச்சிலை டிஷ்யூவால நல்லா ஒத்தி எடுக்கணும், எச்சில் கலந்தா ரீடிங் நாசம். அப்புறம் லஞ்சம். ஒவ்வொரு தடவையும் குத்தினதும் வேகவெச்ச சிக்கன்ல ஒரு சின்ன துண்டு, ஜூலிக்கு. இப்பல்லாம் மீட்டர் டப்பா ஜிப் சத்தம் கேட்டாலே வந்து காத நீட்டிக்கிட்டு உக்காந்துடறா, அப்பா டெஸ்ட் பண்ண எடுத்தா கூட.

கர்வ் போடறதுன்னு ஒன்னு இருக்கு, நாள் பூரா சுகர் எப்படி ஏறி இறங்குதுன்னு பாக்கறது, இதத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். காலைல சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் முன்னாடி ஒரு ரீடிங், அப்புறம் ரெண்டு ரெண்டு மணிக்கு ஒருக்கா, அடுத்த ஊசி வரைக்கும். 150க்கு கீழ இறங்கிச்சுன்னா மணிக்கு ஒருக்கா. ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்கு சரிப்படும். முதல் கர்வ்ல காலைல 7 மணிக்கு 380, அப்புறம் 350, 310, 1 மணிக்கு 280, அப்படியே திரும்ப ஏறி ராத்திரி 7க்கு 390. இன்சுலின் வேலை செய்யுது, ஆனா பத்தல. டாக்டரம்மா 10 ஆக்கினாங்க. அடுத்த ஒரு வாரத்துக்கு கை வைக்காதீங்க, உடம்பு அதுக்கு பழக டைம் வேணும்னாங்க. அப்புறம் போட்ட கர்வ்ல 290ல ஆரம்பிச்சு 245, 170, 1 மணிக்கு 118, அப்புறம் 132, 210, 285. இதுதான் வேணும்னாங்க. நாள்ல பெரும்பாலான நேரம் 100க்கும் 250க்கும் நடுவுல ஓடினா போதும், நார்மல் நாய் மாதிரி 80, 120க்குள்ள பிடிச்சு நிறுத்தணும்னு ஆசப்படாதீங்கன்னு தெளிவா சொல்லிட்டாங்க.

இதுல காலை 290ஐ மட்டும் பாத்தா என்ன தோணும், அய்யோ ஜாஸ்தி இருக்கே, இன்னும் ரெண்டு யூனிட் ஏத்துவோம்னுதான் தோணும். ஏத்தியிருந்தா மத்தியானம் 118 இருந்த இடத்துல எவ்ளோ இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. இன்னொன்னு, டோஸ் ரொம்ப ஜாஸ்தியாகி சுகர் மட்டமா இறங்கிட்டா உடம்பே பயந்து போய் ஈரல்ல இருக்கறத எல்லாம் எடுத்து கொட்டும், அப்ப சாயங்காலம் பாத்தா 400 கூட நிக்கலாம், நாம அத பாத்து இன்னும் ஏத்துவோம். நடுவுல எவ்ளோ கீழ போய்ட்டு வந்துச்சுன்னு கர்வ் போட்டாதான் தெரியும். அதனால ஒத்த நம்பர பாத்து டோஸ்ல கை வைக்கவே கூடாது, அதுவும் டாக்டர கேக்காம.

நோட்டு ஒன்னு போட்டிருக்கோம், இடது பக்கம் அப்பா, வலது பக்கம் ஜூலி. ஒரு நாள் சாயங்காலம் 5 மணிக்கு ஜூலிக்கு திடீர்னு 410. சாப்பாடு அதே, ஊசி அதே. இடது பக்கம் பாத்தா அப்பாவுக்கும் அன்னிக்கு எகிறியிருக்கு. "ஏம்ப்பா, நாலு மணிக்கு டீயோட என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டேன், அவர் பேப்பர்ல இருந்து தலைய தூக்கவே இல்ல. மேரி பிஸ்கட் பாக்கெட் சோபா குஷனுக்கு பின்னாடி கிடைச்சுது, இவருக்கு ரெண்டு அவளுக்கு ரெண்டுன்னு பல நாளா ஓடியிருக்கு. இன்னொன்னு, இந்த மாதிரி வீட்ல ரொம்ப முக்கியம், பெரியவங்களுக்குன்னு சுகர்-ஃப்ரீ சூயிங்கம், மிட்டாய் வாங்கி வெச்சிருப்பீங்க, அதுல சர்க்கரைக்கு பதிலா போடற சைலிடால் இருந்தா நாய்க்கு விஷம், சுகர் தடால்னு இறங்கும், ஈரலும் போயிடும்.

ஜூலிக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணாம இருந்துச்சு. ஹீட் முடிஞ்ச அப்புறம் வர்ற ரெண்டு மாசம் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் ஜாஸ்தியா இருக்கும், அது இன்சுலின வேலை செய்ய விடாது, அதனால பொட்ட நாய்க்கு சுகர்னா கண்ட்ரோலுக்கு வந்ததும் அந்த ஆபரேஷன் பண்ணிடறது நல்லதுன்னாங்க. பண்ணோம். அதுக்கப்புறம் டோஸ் குறையலாம், தினமும் மத்தியானம் ஒரு ரீடிங் கண்டிப்பா எடுங்கன்னு எச்சரிச்சுதான் அனுப்பினாங்க. ரெண்டாவது வாரம் ஒரு நாள் மத்தியானம் நான் கூப்பிட்டா எழுந்து நின்னா, ஆனா வரல, ஹால் நடுவுல எங்க நிக்கறோம்னே தெரியாத மாதிரி நின்னுக்கிட்டு பின்னங்கால் ரெண்டும் பின்னுது. எடுத்து பாத்தா 52. தேன விரல்ல எடுத்து ஈறுல தேச்சேன், கன்னத்துக்கு உள்பக்கம் தேச்சேன், அம்மா டாக்டருக்கு போன் போட்டாங்க. கால் மணி நேரத்துல 81, நாக்க நக்கிக்கிட்டு சுத்தி பாத்தா, அப்பதான் கொஞ்சம் சாப்பாடு வெச்சோம். அன்னிக்கு சாயங்காலமே டோஸ குறைச்சாங்க, இப்ப 7 யூனிட்ல நிக்குது. ஒருவேள வலிப்பே வந்துட்டா மீட்டர தேடிக்கிட்டு நிக்காதீங்க, வாய்க்குள்ள எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்கு போயிடும், விரல் கடிபடாம ஈறுல தடவிட்டு உடனே ஆஸ்பத்திரி. தேன் இல்லன்னா குளுகோஸ் பவுடர கொஞ்சம் தண்ணில கொழைச்சு தடவலாம்.

ஊசி விஷயம் சுருக்கமா சொல்றேன். நம்ம ஊர்ல சின்ன கண்ணாடி பாட்டில்ல வர்ற இன்சுலின் நிறைய யூ-40, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். இன்சுலின் பேனாவுக்கு போடற கார்ட்ரிட்ஜ் யூ-100, அதுக்கான சிரிஞ்ச் ஆரஞ்சு மூடி. மாத்தி எடுத்தா டோஸ் ரெண்டரை மடங்கு எகிறும் இல்ல பாதிக்கும் கீழ போகும், மெடிக்கல்ல அவசரத்துல மாத்தி குடுத்தா கூட நாமதான் பாக்கணும். ஃப்ரிட்ஜ்ல அப்பாவோடது 30/70 கலவை இன்சுலின், ஜூலியோடது என்பிஎச், டப்பா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதனால அவளோட பாட்டில் மூடில அம்மா ரோஸ் கலர் நெயில்பாலிஷ் அடிச்சு வெச்சிருக்காங்க. குலுக்காம உள்ளங்கைல உருட்டணும், ஃப்ரீஸர் பக்கம் ஒட்டி வைக்கக்கூடாது. அவ சாப்பிடலன்னா ஊசிய முழுசா போட்டுடாதீங்க, போன் பண்ணி கேட்டுட்டு போடுங்க.

மனுஷங்க கைல ஒட்டிக்கற 14 நாள் சென்சாரும் ஒரு தடவ போட்டு பாத்தோம், முதுகுல முடிய ஷேவ் பண்ணி ஒட்டினாங்க. போன காட்டினா நம்பர் வந்துடும், குத்தவே வேணாம், ராத்திரி என்ன நடக்குதுன்னு கூட தெரிஞ்சுது. ஆனா அது தோலுக்கு அடில இருக்கற நீர்ல பாக்கறது, ரத்தத்தவிட கொஞ்சம் பின்தங்கிதான் காட்டும், அதனால கம்மியா காட்டினா காதுல குத்தி ஒருக்கா சரிபாக்கணும். வசதிதான், மாசா மாசம் போட எங்களுக்கு கட்டுப்படியாகாது.

கண்ணுல புரை விழுந்துடுச்சு. சுகர் வந்த நாய்ங்கள்ல ரொம்ப பேருக்கு வருது, நல்லா பாத்துக்கிட்டாலும் வருது. வேப்பேரி வெட்னரி காலேஜ்ல காட்டினோம், சுகர் கண்ட்ரோல்ல இருந்தா ஆபரேஷன் பண்ணலாம்னாங்க, கூடவே ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் ஒன்னு எழுதினாங்க, ரெண்டு மூணு வாரத்து ஆவரேஜ் அதுல தெரியும், அப்பாவுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுக்கறாங்களே அது மாதிரி. போன ஞாயித்துக்கிழமை போட்ட கர்வையும் அனுப்பியிருக்கேன், மத்தியானம் 124. ஸ்ட்ரிப் வாங்கறவங்க எக்ஸ்பைரி பாத்து வாங்குங்க, டப்பாவ உடனே உடனே மூடுங்க, இந்த மெட்ராஸ் புழுக்கத்துக்கு திறந்து கிடந்தா ஸ்ட்ரிப் வீணாப்போய் ஏதோ ஒரு நம்பர காட்டும்.