படுக்க வைத்து எடுத்த ஸ்கானும் நான் இழந்த ஏழு மாதங்களும்

நான் திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளியில் வசிக்கும் ஆசிரியன். தொடர்ந்து மூன்று பாடவேளைகள் நின்று கற்பித்தால் இடது பக்க விதைப்பையில் கனமான ஒரு நோவு எழும்பும். இரவில் படுத்ததும் அது இல்லாமற்போய்விடும். படுத்தால் மறையும் நோவுக்கு வைத்தியம் எதற்கு என்று இரண்டு ஆண்டுகளைக் கடத்தினேன். அந்த நோவின் பெயர் வெரிகோசீல், அதாவது விதைப்பையினுள் உள்ள இரத்த நாளங்கள் வீங்கிப் புடைத்துக்கொள்ளும் நிலை என்பதை மிகவும் பிந்தியே அறிந்தேன்.

திருமணமாகி மூன்று ஆண்டுகளாக எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கான இரத்தப் பரிசோதனைகள், ஸ்கான்கள், மாத்திரைகள், மாமி கோணேசர் கோவிலில் வைத்த நேர்த்திகள் எல்லாவற்றையும் என் மனைவி ஒருத்தியே சுமந்தாள். ஒன்றரை ஆண்டாக என்னை எவரும் பரிசோதிக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு உறுத்துகிறது. இறுதியில் மகப்பேற்று கிளினிக்கில் ஒரு வைத்தியர்தான், "கணவரின் விந்துப் பரிசோதனை அறிக்கை எங்கே?" என்று கேட்டார்.

அந்தப் பரிசோதனைக்கே மூன்று முறை திருகோணமலைக்குப் போக வேண்டியிருந்தது. முதல் முறை வீட்டிலேயே மாதிரியை எடுத்து, 30 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைப் பஸ்ஸில் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள், உடற்சூடு குறையாமல் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும் என்பதைத் திருப்பி அனுப்பும்போதுதான் சொன்னார்கள். அடுத்த முறை, இரண்டு முதல் ஏழு நாள் உறவு தவிர்த்திருக்க வேண்டும் என்ற விதி தெரியாமல் போய் நின்றேன். அன்று ஊழியர் ஒருவர் வரிசையின் முன்னால் வந்து, "விந்துப் பரிசோதனைக்கு வந்தது ஆர்?" என்று உரக்கக் கேட்டார். வரிசையில் என்னிடம் படித்த மாணவன் ஒருவனும் நின்றான். நான் கையை உயர்த்தினேன். நகருக்கு வெளியே இருப்பவர்கள், ஆய்வுகூடத்துக்கு அருகிலேயே மாதிரி எடுக்க அறை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஒரே அறிக்கையை நம்பி முடிவெடுக்காமல் இரண்டாவது முறையும் பாருங்கள். எனக்கு இரண்டு முறையும் மில்லிலீற்றருக்கு 70 இலட்சத்தை ஒட்டியே விந்தணு எண்ணிக்கை வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டுக் கைந்நூல் காட்டும் கீழ் எல்லை 160 இலட்சம்.

அடுத்து ஸ்கான். ஒரு தனியார் நிலையத்தில் என்னைப் படுக்க வைத்து, இரண்டு நிமிடத்தில் முடித்து, குறை ஒன்றுமில்லை என்று எழுதித் தந்தார்கள். நின்றால் மட்டும் நோகிறது என்று நான் சொன்னதை எவரும் செவிமடுக்கவில்லை. அந்தத் தாளை நம்பி ஏழு மாதங்கள் விற்றமின் மாத்திரை விழுங்கினேன்.

பிறகு ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனபோது, அவர் அறிக்கையைப் புரட்டக்கூட இல்லை. "சேர், எழும்பி நில்லுங்கோ, மூச்சை அடக்கி முக்குங்கோ" என்று சொல்லி, கையால் தொட்டே கண்டுபிடித்துவிட்டார். இடது விதையின் நாளம் நீளமானது என்றும், அது சிறுநீரக நாளத்தோடு செங்குத்தாகச் சேர்வதால் இரத்தம் மேலே ஏறச் சிரமப்பட்டுக் கீழே தேங்குகிறது என்றும், உடற்சூட்டைவிட ஏறக்குறைய 2 பாகை குறைவாக இருக்க வேண்டிய விதை அதனால் சூடேறி விந்தணு உற்பத்தி கெடுகிறது என்றும் படம் வரைந்து விளக்கினார். ஆண்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 15 பேரிடம் இது உண்டு என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நிற்க வைத்து எடுத்த இரண்டாவது ஸ்கானில், அதாவது இரத்த ஓட்டத்தையும் காட்டும் டொப்ளர் ஸ்கானில், நாளத்தின் அகலம் 3.8 மில்லிமீற்றர், பொதுவாக 3 மில்லிமீற்றரைத் தாண்டினாலே வெரிகோசீல் என்று கொள்வார்களாம். ஸ்கானுக்குப் போகிறவர்கள், நிற்க வைத்தும் முக்கச் சொல்லியும் பார்க்கும்படி கூச்சப்படாமல் கேளுங்கள். வலது பக்கத்தில் மட்டும் வீக்கம் இருந்தாலோ, படுத்தும் வற்றாவிட்டாலோ, வயிற்றையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம் என்று அவர் அழுத்திச் சொன்னார்.

நோவும் இல்லை, விந்து அறிக்கையும் சரி என்றால் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதில்லை. எனக்கு இரண்டும் இருந்தன. நுணுக்குக்காட்டியின் உதவியோடு செய்தால் தமனியும் நிணநீர்க் குழாய்களும் தப்பும், பின்னர் விதைப்பையில் நீர் கோர்ப்பதும் நோய் திரும்புவதும் குறையும் என்பதால் கொழும்பில் நாள் எடுத்தேன். இரவு ரயிலில் போய் இறங்கி, வெறும் வயிற்றோடு காத்திருந்தபோது, சிறுவயதில் எனக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருந்ததைக் கேட்டறிந்த மயக்கமருந்து வைத்தியர், மார்பு வைத்தியரின் கடிதம் இல்லாமல் முடியாது என்றார். நாள் கொடுத்தவர்கள் இதை முன்பே கேட்டிருக்கலாம். 250 கிலோமீற்றருக்கு மேல் திரும்பி வந்து, மூன்று கிழமை கழித்துக் கடிதத்தோடு மறுபடியும் போனேன். பழைய நோய் எதுவானாலும், நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சத்திரசிகிச்சை சிக்கலின்றி முடிந்தது. மறுநாளே வீடு திரும்பினேன். சில கிழமைகள் பாரம் தூக்கவில்லை, சைக்கிள் ஓடவில்லை, இறுக்கமான உள்ளாடை அணிந்தேன். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதமளவு எடுப்பதால், மூன்று மாதத்துக்கு முன் பரிசோதிப்பது வீண்செலவு. எனக்கு மூன்றாம் மாத முடிவில் எண்ணிக்கை 190 இலட்சம். எல்லோருக்கும் இப்படி ஏறும் என்றில்லை. பிள்ளை கிடைப்பது வேறு பலவற்றையும் பொறுத்தது என்று வைத்தியர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அந்த அறிக்கையை மனைவியிடம்தான் முதலில் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு, தன் பரிசோதனைத் தாள்கள் இருந்த கோப்பின் மேல் அதை வைத்துக் கட்டினாள். ஆறாம் மாதப் பரிசோதனைக்கு இருவருமாகப் போகிறோம். வகுப்பில் இப்போது ஐந்து பாடவேளையும் நின்றே கற்பிக்கிறேன்.