கருப்பாயியின் இடது காது

ஜூலை 6, ஞாயிறு

எங்கள் பூனை கருப்பாயி மறுபடியும் தலையை உதற ஆரம்பித்துவிட்டாள். பின்னங்காலால் சொறிந்து சொறிந்து காதுக்குப் பின்னால் முடியே இல்லை. உள்ளே காப்பித்தூள் மாதிரி கறுப்பாக அழுக்கு, இரண்டு காதிலும். “வேப்பெண்ணெய் ரெண்டு சொட்டு விடு கண்ணு” என்கிறார் அம்மா. மாட்டுக்கு ஆகிறதெல்லாம் பூனைக்கு ஆகிவிடாது. மருந்துக்கடைக்காரர் காதைப் பார்க்காமலேயே போன தடவை கொடுத்த சொட்டு மருந்தையே எடுத்து நீட்டினார். வாங்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

கோபியில் டாக்டரம்மாவிடம் காட்டினேன். மருந்து எழுதும் முன்பே விளக்கு வைத்த குழாயால் காதுக்குள் பார்த்தார். பூனையின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்பக்கமாக மடங்குகிறது, கடைசியில்தான் செவிப்பறை. அது கிழிந்திருக்கும்போது சில மருந்துகளை விட்டால் காதே போய்விடுமாம், நடையும் தள்ளாடும். அப்புறம் அழுக்கைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளையாக, காலோடு, மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. காதுப்பேன்.

“வீட்டுல வேற பூனை, நாய் இருக்குதுங்களா?”

இருக்கிறதே! கட்டுத்தரையில் இரண்டு பூனை, காவலுக்கு ஒரு நாய். முட்டை பேனாக வளர மூன்று வாரம் ஆகும். நாலு நாள் சொட்டு விட்டு நிறுத்தினால் மிச்சம் பொரித்து வரும்; இவளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மற்றவையிடமிருந்து திரும்ப ஏறும். எல்லாவற்றுக்கும் பிடரியில் விடுகிற செலாமெக்டின் என்ற பேன் மருந்து, மாதம் ஒரு முறை. நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் மருந்து பூனை மேல் படவே கூடாது, உயிருக்கே ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார்.

ஜூலை 9

கட்டுத்தரைப் பூனைகளைப் பிடித்தாயிற்று. கருவாடு, பழைய துண்டு, மாமாவின் கை. மாமாவின் கையில் இப்போது டிஞ்சர்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

எல்லோரும் பவானி கூடுதுறைக்குப் போய்விட்டார்கள். நான் காதோடு உட்கார்ந்திருக்கிறேன். வலது காது சுத்தமாகிவிட்டது. இடது மட்டும் ஈரம், நாற்றம்.

ஆகஸ்ட் 5

பேன் ஒன்றுகூட இல்லை. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான். ஆனால் ஒரே காதில், அதுவும் இளம் பூனைக்கு விடாமல் வந்தால் உள்ளே சதை வளர்ந்திருக்கலாமாம். மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடியும் என்று டாக்டரம்மா நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 11

சந்தேகப்பட்டது சரிதான். நடுக்காதிலிருந்து கிளம்பி வந்த இளஞ்சிவப்புச் சதை. பிடித்து இழுத்தே எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை, ஆனால் மறுபடி வளரலாம். வளராமல் இருக்க ஸ்டீராய்டு மாத்திரை, கூட ஆன்டிபயாடிக். வீடு வந்து பார்த்தால் இடது கண் பாதி மூடி, கண்பாப்பா சிறுத்து, மூலையில் சவ்வு தெரிகிறது. இழுக்கும்போது அங்கே ஓடும் நரம்பு அதிரும், சில வாரத்தில் சரியாகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் ராத்திரியே திரும்ப நாமக்கல்லுக்கு ஓடியிருப்பேன்.

ஆகஸ்ட் 24

கண் திறந்துவிட்டது. காது கழுவுவதும் பழகிவிட்டது: மருந்துத் தண்ணீரை விட்டு, காதின் அடியைப் பிசைந்தால் ‘பச் பச்’ என்று கேட்கும். அவளே உதறட்டும், வெளியே வருவதைப் பஞ்சால் துடைத்தால் போதும். பட்ஸ் விட்டால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்.

கட்டுத்தரைப் பூனை ஒன்று குட்டி போட்டிருக்கிறது. எட்டு வாரம் ஆகாமல் குட்டிகளுக்குச் செலாமெக்டின் கூடாது. அதுவரை கருப்பாயிக்குக் கட்டுத்தரைப் பக்கம் போகத் தடை.