மஸ்கட்டுக்குப் போன கண்டாங்கி

டிசம்பர் 7, ஞாயிறு

டிக்கெட் போட்டாயிற்று. 27-ஆம் தேதி திருச்சியில் விமானம் ஏறினால், மஸ்கட்டில் தம்பி வீட்டில் பத்து நாள். எனக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "கறுப்பு அங்கி போட்டுக்கிட்டுத்தான் வெளியே போகணுமாமே?" என்றுதான்.

தம்பி மனைவியிடம் ஃபோனில் கேட்டேன். ஓமனில் வெளியூர்ப் பெண்களுக்கு அபாயா என்கிற அந்தக் கறுப்பு அங்கி கட்டாயமில்லையாம். தோளும் முழங்காலும் மறைந்து, உடம்பைப் பிடிக்காமல், உள்ளே தெரியாத துணியாக இருந்தால் போதும். முத்ரா கடைத்தெருவில் சேலை கட்டிய நம் பெண்களைத் தாராளமாகப் பார்க்கலாம் என்றாள். சுல்தான் காபூஸ் பெரிய மசூதிக்குப் போகும்போது மட்டும் தலைமுடி தெரியக் கூடாது. கை மணிக்கட்டு வரை, கால் கணுக்கால் வரை மூட வேண்டும்.

சரி, மூடினால் போதும் என்று எதையாவது மாட்டிக்கொண்டு போக எனக்கு மனசில்லை. விருந்துக்குப் போகிற வீட்டுக்கு நல்ல சேலையாகப் பார்த்துத்தானே எடுத்துக் கட்டுகிறோம்?

டிசம்பர் 10, புதன்

காலையில் பீரோவைக் காலி பண்ணிக் கட்டிலில் பரப்பினேன். வளவில் வெயில் இறங்கும் நேரம் பார்த்து, ஒவ்வொன்றாக உடுத்தி, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி முற்றத்து ஓரத்தில் நின்றேன். மகள் எதிரே உட்கார்ந்து பார்த்துச் சொன்னாள். வீட்டுக்குள் கெட்டியாகத் தெரிந்த இரண்டு சுடிதார்கள் வெயிலில் கால் நிழலை அப்படியே காட்டின. வெள்ளைத் துப்பட்டா சுத்தமாக உதவாது. வெளியூர் போகிற யாரும் இப்படி வெயிலில் நின்று பார்த்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும்.

சேலையில் குறை சேலையினுடையதே இல்லை, ஜாக்கெட்டினுடையது. கை குட்டை, முதுகு இறக்கம், கீழே இடுப்பு வேறு தெரிகிறது. முக்கால் கை வைத்து, இடுப்புக்குக் கீழே இறங்குகிற மாதிரி இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். முந்தானையைத் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என ஊக்குக் குத்திவிட்டால் காற்றடித்தாலும் நகராது.

டிசம்பர் 13, சனி

மசூதிக்கு என்ன உடுத்துவது என்று மூன்று நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். அப்பத்தா தன் மரப்பெட்டியைத் திறந்து, அரக்குக் கட்டம் போட்ட பழைய கண்டாங்கியை எடுத்து மடியில் வைத்தார். கறுப்புக் கரை, கெட்டி நெசவு. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. வெயிலில் பிடித்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

ஆனால் கட்டினால் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. அந்தக் காலக் கண்டாங்கிக்கு அகலம் குறைவு. பின்கொசுவம் வைத்து, கொலுசு தெரியக் கட்டுகிற சேலை அது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய காரைக்குடிக் கண்டாங்கி இப்போது அகலமாகவே வருகிறது. கடைத்தெருவுக்குக் கட்ட ஒன்று புதிதாக வாங்கியும் வைத்திருக்கிறேன். இருந்தாலும் இந்த அரக்குச் சேலையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அப்பத்தாதான் சொன்னார்: "வெட்டித் தச்சுக்க ஆத்தா. பொட்டிக்குள்ள கெடந்து யாருக்கு?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் கல்யாணமாகி வந்த புதிதில் கட்டிய சேலை. மாமனார் முகப்பைத் தாண்டி உள்ளே வருகிற சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாராம். "பயம் இல்ல, மருவாதி" என்றார்.

டிசம்பர் 20, சனி

தையல் வந்தது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளக் குர்தா, மணிக்கட்டு வரை கை, கரையைக் கீழ் விளிம்பில் வைத்திருக்கிறார்கள். முந்தானை தனியாகத் தலைத்துணி ஆகிவிட்டது. கீழே கறுப்புப் பருத்தி பேன்ட். ஒரு கை முழங்கையில் இறுக்கிப் பிடித்தது, பிரித்துத் தைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் தலைத்துணி போட்டுப் பழகினேன். பட்டுத்துணி வழுக்கிக்கொண்டே போகிறது. பருத்திதான் நிற்கிறது. கொண்டையைக் கழுத்தோடு தாழ்த்திப் போட வேண்டும். பூ வைத்தால் மேடு தட்டுகிறது.

ஜனவரி 8, வியாழன்

நேற்று ராத்திரி வந்து சேர்ந்தோம். அங்கே இருந்த நாட்களில் எழுத நேரமே கிடைக்கவில்லை.

மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவர்களைக் காலை 8 முதல் 11 வரைதான் விடுகிறார்கள், வெள்ளிக்கிழமை கிடையாது. நாங்கள் திங்கட்கிழமை போனோம். வாசலில் நின்றவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எனக்கு முன்னால் போன ஒரு பெண்ணைக் கை மறையவில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே விரித்திருக்கும் கம்பளம் ஈரானியப் பெண்கள் கையால் முடிச்சுப் போட்டது. நான்கு வருஷ வேலை, 21 டன் எடை. ஓரமாக விரித்த பாதையில்தான் நடக்க வேண்டும். நெசவு பார்த்து வளர்ந்தவளுக்கு அதைக் கடந்து போகக் கால் வரவில்லை. வெளியே வரும்போது அபாயா அணிந்த ஒரு அம்மா என் குர்தாவின் கரையைத் தொட்டு, விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "ஹிந்தி?" என்றார், அரபியில் இந்தியரா என்று கேட்பது அப்படித்தான். தலையாட்டினேன். நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

இன்று காலை அப்பத்தாவிடம் படம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "போட்டுக் காட்டு" என்றார். நான் ஊக்கைத் தேடுவதற்குள் துணியை வாங்கி, என் தலையைச் சுற்றி எடுத்து, நுனியைக் காதுக்குப் பின்னால் ஒரே செருகாகச் செருகினார். தலையை ஆட்டிப் பார்த்தேன். நகரவே இல்லை.