பொம்மியின் மூச்சுக் கணக்கு

எங்கள் பொம்மி பொமரேனியன். பதினொரு வயது, ஐந்து கிலோ எடை. மார்கழியில் இரவெல்லாம் இருமியபோது சளி என்றே நினைத்தோம். அம்மா துளசிச் சாற்றில் தேன் குழைத்து ஊட்டினார். ஒரு நள்ளிரவில் அவளால் படுக்கவே முடியவில்லை. முழங்கையை அகட்டி, கழுத்தை நீட்டி, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினாள். விடிந்ததும் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினோம்.

எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருந்தது, நுரையீரலில் நீர். இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்துப்போய்ச் சரியாக மூடாததால் ரத்தம் பின்னால் கசிகிறது, சிறிய இன நாய்களுக்கு வயதானால் அடிக்கடி வருவதுதான் என்றார் மருத்துவர். வால்வைச் சரிசெய்யும் மாத்திரை கிடையாதாம். நீரை வடிக்கலாம், இதயத்தின் சுமையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஊசியிலும் ஆக்சிஜனிலும் மூச்சு அடங்கியபின் சீட்டில் மூன்று மருந்துகள் எழுதினார்: நீரை வடிக்கப் பியூரோசமைடு, இதயம் வலுவாகச் சுருங்கப் பிமோபென்டான், ரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்க எனலாப்ரில். பியூரோசமைடு நம் தெருமுனை மருந்துக் கடையிலேயே 40 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைத்தது. பொம்மிக்கு வேளைக்குக் கால் மாத்திரை. காய் நறுக்கும் கத்தியை வைத்தால் ஒரு கால் பெரிதாக நிற்கும், இன்னொரு கால் மாவாகிப் போகும். மாத்திரை வெட்டும் டப்பா வாங்கியபிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது. பிமோபென்டானை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் காலித் தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். கருவாடும் அப்பளமும் அவளுக்கு அடியோடு நின்றன, உப்பு ஆகாது.

சிக்கல் சிறுநீரில் வந்தது. பியூரோசமைடு கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கூடம் நனைந்துவிடும். துடைத்துத் துடைத்துச் சலித்த அம்மா, யாரிடமும் சொல்லாமல் மாலையானதும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மூன்றாம் நாள் பொம்மி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஈறு காய்ந்து விரலில் ஒட்டியது. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறியிருந்தது. "மருந்து பாட்டுக்கு நீரை வெளியேற்றும், அவளைக் குடிக்க விடாவிட்டால் சிறுநீரகம் என்ன செய்யும்?" என்று மருத்துவர் கேட்டபோது அம்மா தலை நிமிரவில்லை. சிறுநீரகத்துக்கு மேலும் சுமையாகாமலிருக்கச் சில நாட்கள் எனலாப்ரிலை நிறுத்திவைத்தார்கள். அம்மாவே இரண்டு கிண்ணங்கள் வாங்கிவந்து கூடத்தில் ஒன்றும் அடுப்படியில் ஒன்றுமாக வைத்தார்.

எனக்கு மருத்துவர் கொடுத்த வேலை எண்ணுவது. பொம்மி அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 30க்கு மேலேயே நின்றால் தொலைபேசியில் கூப்பிடச் சொன்னார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் எழுதினேன்: 22, 24, 20. தீபாவளிக்கு மறுநாள் இரவு 38. வெடிச் சத்தத்தின் மிரட்சியோ என்று அரை மணி கழித்து எண்ணினேன், மீண்டும் 38. கூப்பிட்டதும், கூடுதலாக ஒரு கால் மாத்திரை கொடுத்துவிட்டுக் காலையில் அழைத்துவரச் சொன்னார். அம்மாவும் நானும் முறைவைத்து எண்ணியபடி தரையிலேயே கிடந்தோம். நான்கு மணிக்கு அம்மாவின் கையெழுத்தில் 26.